சியரா லியோன் நாட்குறிப்பு: வைரத்துக்கு முன்னால் நடந்தது

வெள்ளி இரவு, ஃப்ரீடவுன்

சியரா லியோன் போகிறேன் என்றதும் அக்ராவில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்ட முதல் கேள்வி வைரம் பற்றித்தான், ஊரிலிருந்து போனில் அண்ணன் கேட்டதும் அதேதான். வைரத்துக்காக அடித்துக்கொண்ட நாடு, சிறுவர்கள் கையில் துப்பாக்கி, வெட்டப்பட்ட கைகள். வெளியில் தெரிவது இவ்வளவுதான். 1991 மார்ச்சில் தொடங்கி 2002 ஜனவரியில் முடிந்த போர் அது. 50,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, அதோடு அந்தச் சின்ன நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள். கானாவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இந்தப் போரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன், படிக்கப் படிக்க அந்த வைரக் கதை போதவில்லை என்றே தோன்றியது. விடுப்பு கிடைத்ததும் கிழக்கு எல்லை வரை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். நெட் கிடைக்கிற இடத்தில் எல்லாம் இரவில் எழுதிப் போடுகிறேன்.

விமான நிலையம் லுங்கியில் இருக்கிறது, தலைநகரம் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம். பெரும்பாலும் படகில்தான் வருகிறார்கள். 2002 ஜனவரி 18 அன்று ஆயுதங்களைக் குவித்துத் தீ வைத்து, போர் முடிந்தது என்று அறிவித்தது இதே லுங்கியில்தான்.

சனி, ஃப்ரீடவுன்

காலையில் லம்லி கடற்கரை. கால் இழந்தவர்களின் கால்பந்து அணி இங்கே சனிக்கிழமைகளில் விளையாடும் என்று படித்திருந்தேன், போனால் நிஜமாகவே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. களத்தில் ஓடுகிறவர்களுக்கு ஒரு கால், இரண்டு ஊன்றுகோல். கோல்கீப்பருக்கு ஒரு கை. மணலில் ஊன்றுகோல் புதைய வேண்டும், ஆனால் அவர்கள் அதை எடுத்து வைக்கிற வேகத்தில் புதைய நேரமே இல்லை. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இளைஞர்கள், அவர்களுக்குக் கால் போனது சாலை விபத்தில். போரில் இழந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, நிழலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது இருக்கும், இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. எல்லோரும் அவரை 'பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை அவர் 'சிஸ்டா' என்றார். எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பேசியது முழுக்கப் பணத்தைப் பற்றி. போர் முடிந்ததும் சுமார் 72,000 பேர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள், அவர்களுக்குக் கைச்செலவுக்குக் காசு, தச்சு வேலை, மெக்கானிக் வேலை என்று பயிற்சி, கருவிப்பெட்டி எல்லாம் கிடைத்தது. வெட்டுப்பட்டவர்களுக்கு ஆண்டுக்கணக்காக ஒன்றும் இல்லை. 2008-க்கு அப்புறம்தான் பாதிக்கப்பட்டவர்களைப் பதிவு செய்து, ஆளுக்குச் சுமார் 100 டாலர் கொடுத்தார்கள். வெட்டியவனுக்குத் தொழில் கொடுத்தீர்கள், வெட்டுப்பட்டவனுக்கு அரிசி வாங்கக் காசு கொடுத்தீர்கள் என்று கணக்குச் சொன்னார். சமாதானம் வர வேண்டுமானால் துப்பாக்கி வைத்திருப்பவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்கிற வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வாதத்தை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

ஞாயிறு, ஃப்ரீடவுன்

தெரு முழுக்கச் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பெரிய பருத்தி மரம் நின்ற இடத்துக்குப் போனேன். 1792-ல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்து இறங்கிய விடுதலை பெற்ற அடிமைகள் இதன் கீழே கூடித் தொழுதார்கள் என்பது ஊர் வரலாறு. 2023 மே மாதம் ஒரு புயல் மழையில் மரம் விழுந்துவிட்டது, அடிமரம் மட்டும் மிச்சம்.

நகரத்தைச் சுற்றிக்கொண்டே நான் யோசித்தது 1967 பற்றி. 1961 ஏப்ரல் 27-ல் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம். ஆறே வருடத்தில் ஒரு தேர்தலில் எதிர்க்கட்சி ஜெயித்தது, சியாக்கா ஸ்டீவன்ஸ் பிரதமராகப் பதவியேற்றார், சில மணி நேரத்தில் ராணுவத் தளபதி டேவிட் லான்சானா அவரைக் கைது செய்துவிட்டார். இரண்டு நாளில் வேறு அதிகாரிகள் சேர்ந்து லான்சானாவை இறக்கினார்கள். அடுத்த வருடம் சார்ஜென்ட்கள் அந்த அதிகாரிகளைப் பிடித்து உள்ளே போட்டு, ஸ்டீவன்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓட்டுப்பெட்டிக்கு வெளியேயும் ஆட்சியை மாற்றலாம் என்பதை அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்கக் கற்றுக்கொண்டது. ஸ்டீவன்ஸும் கற்றுக்கொண்டார்: ராணுவத்தை ஒல்லியாக்கி, தனக்கு விசுவாசமான ஆயுதப் போலீஸை வளர்த்து, 1978-ல் ஒரே கட்சி ஆட்சி என்று சட்டமே போட்டுவிட்டார்.

1999 ஜனவரி 6-ல் கிளர்ச்சியாளர்கள் நகரத்துக்குள் நுழைந்தது கிழக்குப் பக்கத்திலிருந்து. வெலிங்டன், கிஸி பகுதிகள் எரிந்தன. நைஜீரியப் படைகள் அவர்களை வெளியே தள்ள மூன்று வாரம் பிடித்தது, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். இன்றைக்குக் கிஸியில் வீட்டுக்கு வீடு சோலார் பேனல், செல்போன் கடை, தள்ளுவண்டியில் பழைய துணி. இந்தத் தேதியைச் சொன்னால் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அத்தனை பேருக்கும் தாங்கள் அன்று எங்கே ஒளிந்திருந்தோம் என்று சொல்லத் தெரிகிறது.

திங்கள், ஃப்ரீடவுன்

இன்று இரண்டு அருங்காட்சியகங்கள். முதலில் சிறப்பு நீதிமன்றம் இருந்த வளாகத்தில் உள்ள அமைதி அருங்காட்சியகம். ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் சேர்ந்து 2002-ல் அமைத்த நீதிமன்றம் இது. சிறுவர்களைப் படையில் சேர்த்ததைப் போர்க்குற்றமாகத் தீர்ப்பளித்த முதல் சர்வதேச நீதிமன்றம் என்ற பெயர் இதற்குண்டு, அது 2007-ல். கிளர்ச்சியாளர்களுக்கு உதவிய லைபீரிய முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லர் வழக்கைப் பாதுகாப்புக்காக நெதர்லாந்தின் ஹேகில் வைத்து விசாரித்து, 2012-ல் 50 வருடச் சிறை கொடுத்தார்கள். போரைத் தொடங்கிய கிளர்ச்சிப் படையான புரட்சிகர ஐக்கிய முன்னணியின் தலைவர் ஃபோடே சங்கோ தீர்ப்புக்கு முன்பே 2003-ல் காவலில் இறந்துபோனார்.

சங்கோ ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்தவர், 1971 சதி முயற்சி ஒன்றில் சிறைக்குப் போனவர், வெளியே வந்து கிழக்குப் பக்கத்து ஊர்களில் போட்டோ எடுத்துப் பிழைத்தவர். இந்த ஆள் ஒரு நாட்டையே எரிக்க எப்படி முடிந்தது? அதற்கு விடை எனக்கு இரண்டாவது அருங்காட்சியகத்தில் கிடைத்தது, கிளைன் டவுனில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில்.

ஃப்ரீடவுனிலிருந்து போ, கெனிமா வழியாகக் கிழக்குக் கோடியில் பெண்டெம்பு வரை குறுகிய பாதை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காப்பி, கோக்கோ, பனங்கொட்டை எல்லாம் அதில்தான் துறைமுகம் வரும். 1970-களின் நடுவில் ஸ்டீவன்ஸ் அதை மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார். நஷ்டத்தில் ஓடியது என்பது அரசு சொன்ன காரணம். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட தென்கிழக்கைத் தண்டிக்கத்தான் மூடினார் என்பது அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்கிற காரணம். அப்புறம் 1980-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டை நடத்தக் கடன் மேல் கடன் வாங்கி ஹோட்டல்களும் தலைவர்களுக்கு வில்லாக்களும் கட்டினார்கள். ரயில் போன ஊர்களில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மெல்லச் செத்தன, வாத்தியார்களுக்குச் சம்பளம் வரவில்லை. போர் தொடங்கியது பெண்டெம்புக்கு அந்தப் பக்கம், ரயிலும் அரசும் கைவிட்ட அதே மூலையில்.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2004-ல் கொடுத்த அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. வைரம் போருக்கு எண்ணெய் ஊற்றியது. காரணம் ஆண்டுக்கணக்கான ஊழல், எல்லாவற்றையும் தலைநகரத்தில் குவித்தது, இளைஞர்களைக் கைவிட்டது. இந்த அறிக்கையை வைரக் கதை சொல்கிறவர்கள் யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.

செவ்வாய், ஃப்ரீடவுன் – கோய்டு

விடிவதற்குள் கிளம்பி, மசியாக்கா, மக்கெனி, மக்பூராக்கா வழியாகக் கோனோ மாவட்டத்தின் கோய்டு வந்து சேர இருட்டிவிட்டது. ஹர்மட்டான் காற்று சகாராவின் தூசியைக் கொண்டுவந்து ஊர்மேல் போர்த்தியிருக்கிறது, சூரியனையே நேராகப் பார்க்கலாம்.

மக்கெனியில் ஒகாடாக்களின் கூட்டம். ஒகாடா என்றால் பைக் டாக்சி. முக்கால்வாசி நம்ம ஊர் டி.வி.எஸ்., பஜாஜ்தான். இந்தத் தொழில் போருக்கு அப்புறம் வந்தது, அதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தவர்கள் ஆயுதத்தைப் போட்ட முன்னாள் போராளிகள். கார் போக முடியாத ரோடு, வேலை இல்லாத ஆயிரக்கணக்கான இளைஞர்கள், இரண்டுக்கும் பைக் ஒரே பதிலாக இருந்தது. ஊருக்கு ஊர் சங்கம் வைத்தார்கள், ஒருத்தனுக்கு விபத்து என்றால் சேர்ந்து பணம் போட்டார்கள், எதிர் எதிர்ப் படைகளில் இருந்தவர்கள் ஒரே சங்கத்தில் சந்தா கட்டினார்கள். எந்த வெளிநாட்டு நிபுணரும் திட்டம் போட்டுக் கொடுக்காத மறுவாழ்வு இது. அதனால்தான் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புதன், கோய்டு

ஊருக்குள்ளேயே பெரிய கிம்பர்லைட் (வைரம் பொதிந்த பாறை) சுரங்கம், கம்பி வேலிக்குப் பின்னால் கழிவு மண் மலையாக நிற்கிறது. ஊரைச் சுற்றி மனிதர்கள் மண்வெட்டியால் தோண்டிய குழிகள், அதில் பச்சைத் தண்ணீர். வைரம் முதலில் கோனோவில் கிடைத்தது 1930-ல். 1935-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு கம்பெனிக்கு 99 வருட ஏகபோகம் எழுதிக் கொடுத்தது. 1972-ல் இங்கே கிடைத்த 'சியரா லியோனின் நட்சத்திரம்' 968.9 காரட்.

இப்போது ஒரு கணக்கு. 1970-ல் இந்த நாட்டிலிருந்து முறையாக ஏற்றுமதியானது இருபது லட்சம் காரட்டுக்கு மேல். 1980-ல் 5,95,000. 1988-ல் 48,000. மண்ணுக்குள் வைரம் தீர்ந்துவிடவில்லை. அதிபரும் அவருக்கு வேண்டிய வியாபாரிகளும் கள்ள வழியில் வெளியே அனுப்பினார்கள், கஜானாவுக்கு ஒன்றும் வரவில்லை. 1988-ல் காட்டில் ஒரு கிளர்ச்சியாளர்கூட இல்லை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். கொள்ளை முதலில் நடந்தது அலுவலகத்தில், கையெழுத்தோடு. துப்பாக்கி பின்னால் வந்தது.

அப்புறம் வந்த கதை இன்னும் மோசம். 1992-ல் சம்பளமும் சாப்பாடும் வராத போர்முனைச் சிப்பாய்கள் தலைநகரத்துக்கு வந்து ஆட்சியையே பிடித்தார்கள், தலைவர் வாலண்டைன் ஸ்ட்ராஸருக்கு வயது 25. பகலில் சிப்பாய், இரவில் கொள்ளைக்காரன் என்று மக்கள் ராணுவத்தைப் பார்த்துப் பயந்த காலம். 1995-ல் தென்னாப்பிரிக்காவின் எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ் என்ற கூலிப்படையைக் கூப்பிட்டுத்தான் கோனோவை மீட்டார்கள், அதோடு தொடர்புள்ள சுரங்கக் கம்பெனிக்கு இந்தக் கிம்பர்லைட் உரிமை போனது. 1999-ல் கிளர்ச்சியாளர்களோடு செய்துகொண்ட லோமே சமாதான ஒப்பந்தத்தில் சங்கோவுக்குத் துணை அதிபர் அந்தஸ்தும், கனிம வளங்களைக் கவனிக்கும் ஆணையத்தின் தலைவர் பதவியும் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தை முன்னே நின்று பேசி முடித்த நாடுகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

குழிகளில் இன்று வேலை செய்கிறவர்களோடு மதியம் இருந்தேன். முதலாளி ஒருவர் மண்வெட்டி, சல்லடை, தினமும் சில கிண்ணம் அரிசி தருவார். கல் கிடைத்தால் பங்கு. விலையை நிர்ணயிப்பதும் அவரேதான். சரளையைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றி, சட்டென்று கவிழ்த்து, நடுவில் கனமான கல் தங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் இருந்த நேரம் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. 2017-ல் ஒரு பாதிரியாரின் ஆட்கள் கோனோவில் எடுத்த 709 காரட் கல்லை அவர் அரசிடமே ஒப்படைத்தார், அது ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. குழியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

வியாழன், கெனிமா

டோங்கோ வழியாக வந்தோம். ரோடு மோசம், முதுகு போய்விட்டது. வழியில் சோறும் மரவள்ளி இலைக் குழம்பும், செம்பனை எண்ணெய் மிதக்க மிதக்க. காலையில் ரொட்டி எவ்வளவு தின்றாலும் சோறு தின்னவில்லை என்றால் இன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்பார்கள் இந்த நாட்டில், நமக்குச் சொல்லவே வேண்டாம். கெனிமாவில் வைர வியாபாரிகளின் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலும் லெபனான் குடும்பங்கள். இன்று இவ்வளவுதான், தூங்கப் போகிறேன்.

வெள்ளி, கைலாஹூன்

மோவா ஆற்றைத் தாண்டி டாரு, பெண்டெம்பு, கைலாஹூன். இந்தப் பாதையில் இந்தியாவுக்கு ஒரு தொடர்பு உண்டு. 2000 மே மாதம் ஐ.நா. படையினர் சுமார் 500 பேரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்து வைத்தபோது, கைலாஹூனில் இருந்த கூர்க்கா ரைஃபிள்ஸ் வீரர்கள் ஆயுதத்தைக் கொடுக்க மறுத்தார்கள். 220-க்கு மேற்பட்டவர்கள் சுமார் 75 நாள் முற்றுகைக்குள் இருந்தார்கள். ஜூலை நடுவில் 'ஆபரேஷன் குக்ரி' நடந்தது, டாருவிலிருந்து மழையில் படை நகர்ந்து, பிரிட்டிஷ் சினூக் ஹெலிகாப்டர்கள் உதவ, வெளியே வந்தார்கள். அப்போது ஐ.நா. படைத்தளபதியே ஓர் இந்தியர், மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி. நைஜீரிய அதிகாரிகள் சிலர் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்து வைரத்தில் கைவைக்கிறார்கள் என்று அவர் எழுதிய அறிக்கை வெளியே கசிந்து பெரிய சண்டையாகி, கடைசியில் இந்தியா தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அப்புறம் ஒகாடாவில் லைபீரிய எல்லையை ஒட்டிய போமாரு. 1991 மார்ச் 23 அன்று முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஊர். மண் சுவர், தகரக் கூரை, கோக்கோ காயப்போட்ட களம். 2008 மார்ச்சில் 'ஃபம்புல் டோக்' என்ற அமைப்பு தன் முதல் கூட்டத்தை இங்கேதான் நடத்தியது. இரவில் ஊர் நடுவில் தீ மூட்டி, செய்தவர் சொல்ல வேண்டும், பட்டவர் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், மறுநாள் முன்னோர்களுக்குப் படையல். ஹேகில் நடந்த வழக்கு இந்த ஊர்க்காரர்களுக்குத் தூரத்துச் செய்திதான். பக்கத்து வீட்டில் இருப்பவன் தன் அண்ணனைக் கொன்றவன் என்றால் அதை எந்த நீதிமன்றம் தீர்க்கும்?

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். இப்படிக் கூட்டம் நடந்த கிராமங்களையும் நடக்காத கிராமங்களையும், மொத்தம் 200, ஒப்பிட்டு 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. கூட்டம் நடந்த ஊர்களில் மன்னிப்பும் ஒற்றுமையும் கூடியிருக்கிறது, அதே ஊர்களில் மனச்சோர்வும் பயக் கனவும் கூடியிருக்கின்றன. ஊர் குணமாக மனிதர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். பேசினால் பாரம் குறையும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பேசிய பிறகு அவர்களுக்கு ஒரு டாக்டராவது, வாரம் ஒரு முறையாவது வந்து பார்த்தாரா என்று கேட்டால் பதில் இல்லை.

ஞாயிறு, மீண்டும் ஃப்ரீடவுன்

நேற்று முழுக்க ரோட்டில் போனது. நாளை அக்ரா.

போர் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதற்குப்பின் ஓட்டு மூலமாகவே இரண்டு முறை ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்குக் கைமாறியிருக்கிறது, 2007-லும் 2018-லும். இது பெரிய விஷயம், பக்கத்து கினியாவிலும் மாலியிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைப் பார்த்தால் இன்னும் பெரிய விஷயம். இன்றைய அதிபர் ஜூலியஸ் மாடா பியோ 1996-ல் ராணுவப் புரட்சி செய்து, சில வாரங்களில் தேர்தலில் ஜெயித்தவரிடம் ஆட்சியை ஒப்படைத்த அதே பியோதான். 2023 ஜூன் தேர்தலில் அவர் 56 சதவீதத்துக்குச் சற்றே மேல் வாங்கினார் என்றார்கள், முதல் சுற்றிலேயே ஜெயிக்க 55 வேண்டும். எண்ணிக்கையில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று பார்வையாளர்கள் சொன்னார்கள். அதே வருடம் நவம்பர் 26 அதிகாலையில் ஆயுதம் ஏந்தியவர்கள் வில்பர்ஃபோர்ஸ் ராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கைத் தாக்கினார்கள், பதெம்பா ரோடு சிறையைத் திறந்துவிட்டதில் ஏறக்குறைய 2,000 கைதிகள் வெளியேறினார்கள். இந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் தொடர்பு என்று சொல்லி முன்னாள் அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமா மீது தேசத்துரோக வழக்குப் போட்டு, சிகிச்சைக்கு என்று நைஜீரியா போக விட்டார்கள்.

1967-ஐ நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. இன்றும் வடக்குக்கு ஒரு கட்சி, தென்கிழக்குக்கு ஒரு கட்சி, ஆட்சி மாறினால் அலுவலகங்களில் ஆட்களும் மாறுகிறார்கள். தெரு முனைகளில் 'குஷ்' என்ற போதைப்பொருளில் நின்றபடியே தூங்கும் பையன்களை இந்தப் பயணம் முழுக்கப் பார்த்தேன். 2024 ஏப்ரலில் அதற்காகத் தேசிய நெருக்கடியே அறிவித்தார்கள். வயதைப் பார்த்தால் அத்தனை பேரும் போருக்கு அப்புறம் பிறந்தவர்கள், வேலை இல்லாதவர்கள். சங்கோ தன் படைக்கு ஆள் எடுத்தது இப்படி யாரும் கண்டுகொள்ளாத பையன்களிலிருந்துதான், அதனால்தான் எனக்குக் கவலை.

விடுதி நடத்தும் அம்மாவின் மகள் மாலையில் வந்து பேசிக்கொண்டிருந்தாள், கல்லூரியில் முதல் வருடம். அவளுடைய பெரியம்மாவுக்கு 1996 தேர்தல் சமயத்தில் வலது கை போனது. ஓட்டுப் போடப் போகாதே என்று மிரட்டக் கிளர்ச்சியாளர்கள் அன்றைக்கு அப்படித்தான் செய்தார்கள். பெரியம்மா அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் இடது கைவிரலில் மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டிருக்கிறார். அடுத்தது 2028-ல், இவளுக்கு அது முதல் ஓட்டு. பட்டியலில் பெயர் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறாள், பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்து ஒன்று தப்பாக இருக்கிறதாம், அதைத் திருத்த நாளைக்குக் காலையில் அலுவலகம் போகிறாள்.